எந்த ஆலையில் கலப்பது? கான்கிரீட் கலவை ஆலைத் தேர்வு குறித்து ஒரு மதிப்பாய்வு

2014 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நடுவே, வில்ஷயர் கிராண்ட் கோபுரத்தின் அடித்தளத்துக்கு ஒரே தொடர்ச்சியாக ஏறத்தாழ 16,200 கனமீட்டர் கான்கிரீட் போட்டார்கள். வேலை 18 மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்தது. மனையில் கலவை ஆலை நிறுத்த இடமில்லாததால், வெளியே இருந்த பல ஆலைகளிலிருந்து 200-க்கு மேற்பட்ட லாரிகள் 2,000-க்கு மேற்பட்ட நடைகள் ஓடின. 2019 ஜனவரியில், கோதாவரியின் குறுக்கே கட்டப்படும் போலவரம் அணையின் உபரிநீர்ப் போக்கியில் 24 மணி நேரத்தில் 32,000 கனமீட்டருக்கு மேல் போடப்பட்டது. அங்கே கலவை அணைக்கட்டுத் தளத்திலேயே தயாரானது.

இரண்டும் கின்னஸ் சாதனையாகப் பதிவானவை, இரண்டும் நல்லபடி முடிந்தவை. ஒன்று மணிக்குச் சுமார் 900 கனமீட்டரை ஊர் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தது. மற்றது மணிக்குச் சுமார் 1,300 கனமீட்டரைத் தளத்திலேயே கலந்தது. ஆகவே ஒரு திட்டத்துக்கு எந்தக் கலவை ஆலை பொருந்தும் என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இருக்க முடியாது. ஆனால் ஒரு நூற்றாண்டாகப் பதில்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. தூரத்தை வைத்து முடிவு செய் என்றது ஒரு காலம். கொள்ளளவைப் பார் என்றது இன்னொன்று. கலப்பான் வகையைப் பார் என்கிறார்கள் இயந்திர வல்லுநர்கள். ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு, ஓட்டையும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட அதிகம் பொருட்படுத்த வேண்டிய ஒன்று பேச்சில் பின்தங்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. தண்ணீரையும் எடையையும் அந்த ஆலை நாள் முழுவதும், மழையிலும் வெயிலிலும், எவ்வளவு மாறாமல் வைத்திருக்கிறது என்பதே அது.

கேள்வி வந்த வழி

கலவையை ஓரிடத்தில் தயாரித்து வேறிடத்துக்குக் கொண்டுபோகும் எண்ணத்துக்கு ஜெர்மனியில் 1903-லேயே காப்புரிமை வாங்கியவர் யூர்கன் ஹின்ரிஷ் மாகென்ஸ். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1913-ல் முதல் முறையாகத் தயார்நிலைக் கலவை விற்கப்பட்டதாகப் பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். ஓடும்போதே கலக்கும் லாரிக்கு ஸ்டீபன் ஸ்டெபானியன் 1916-ல் காப்புரிமை கேட்டார். இவர்கள் முன்னால் இருந்தது போக்குவரத்துச் சிக்கல். சிமெண்ட் இறுகுவதற்குள் கலவை போய்ச் சேர வேண்டும், போகிற வழியில் ஜல்லி தனியே, சாந்து தனியே பிரியக் கூடாது.

கேள்வியின் போக்கை மாற்றியவர் டஃப் ஏப்ரம்ஸ். சிகாகோவின் லூயிஸ் கல்விக்கழகத்தில் அவர் நடத்திய சோதனைகள் 1918-ல் வெளிவந்தன. வேலை செய்யத்தக்க கலவையில் வலிமையை முதன்மையாகத் தீர்மானிப்பது சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் என்று அவை காட்டின. அதுவரை ஆலை என்றால் கலக்கும் இடம். அதன்பின் அது அளக்கும் இடமும் ஆயிற்று. கலவை ஆலை பற்றிய தொழில்நுட்ப விவாதம் பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகளுக்கும் இடையில்தான் ஊசலாடி வந்திருக்கிறது.

பேரணைகள் மூன்றாவது சுமையைச் சேர்த்தன. 1933-க்கும் 1935-க்கும் இடையில் எழுந்த ஹூவர் அணைக்குப் பள்ளத்தாக்கின் அடியில் ஓர் ஆலையும் மேல் விளிம்பில் ஓர் ஆலையும் தேவைப்பட்டன. அணை உயர உயர, கலவை வந்து சேரும் வழியும் மாறியதே காரணம். இந்தியாவிலும் மையக் கலவை ஆலை வேரூன்றியது அணைகளில்தான். பக்ரா அணையில் 1955 நவம்பரில் நேரு முதல் கான்கிரீட்டைக் கொட்டித் தொடங்கிவைத்தார். நகரங்களில் கலவையை விலைக்கு விற்கும் ஆலைகள் இங்கே 1990-களில்தான் வந்தன. இன்று சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இத்தகைய ஆலைகளைத் தயாரிக்கும் தொழிற்சாலையே இயங்குகிறது.

தூரமும் சட்டமும்

வெளியில் வாங்குவதா, தளத்தில் நிறுவுவதா? முதல் பதில் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறது. இந்தியத் தர விதி ஐ.எஸ். 4926, தயார்நிலைக் கலவை லாரியில் ஏற்றிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கப்பட வேண்டும் என்பதைப் பொது விதியாக வைக்கிறது. இறுகலைத் தாமதிக்கும் ரசாயனம் சேர்த்தால் நேரத்தை நீட்டிக்கலாம். அமெரிக்க விதி நெடுங்காலம் 90 நிமிடத்தை எல்லையாக வைத்திருந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே இந்த எல்லை இயற்கை வகுத்ததல்ல என்று காட்டுகிறது. சிமெண்ட் வகை, வெயில், ரசாயனம் மூன்றும் சேர்ந்துதான் உண்மையான நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வது இந்த நிலைப்பாட்டின் பலவீனம். நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை உள்ள நகரத்தில் 8 கிலோமீட்டர் என்பது இரவில் 20 நிமிடம், மாலையில் வண்டியே வராத தூரம். சித்திரை வெயிலில் வண்டி சிக்கிக்கொண்டால் கலவை கெட்டியாகும். தளத்தில் யாராவது குழாயைத் திருப்பித் தண்ணீர் சேர்ப்பார்கள். ஆலையில் கிராம் கணக்கில் காத்த விகிதம் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும். தொலைவு அதிகமுள்ள வேலைகளில் கலவை கெடுவது பெரும்பாலும் ஆலையில் இல்லை, இந்தக் குழாயடியில்தான்.

வரிச் சட்டமும் இந்தத் தேர்வில் கை வைத்திருக்கிறது. கலால் வரிக் காலத்தில், கட்டுமான இடத்திலேயே தயாரித்துப் பயன்படுத்தும் கான்கிரீட் கலவைக்கு விலக்கு இருந்தது. தளத்தில் தானியங்கி ஆலை நிறுவினால் அதுவும் இந்த விலக்கில் சேருமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-ல் வந்த தீர்ப்பு, தயார்நிலைக் கலவையும் சாதாரணத் தளக்கலவையும் வெவ்வேறு பொருட்கள், முன்னதற்கு விலக்கு இல்லை என்றது. துல்லியமாக எடைபோடும் ஆலையை நிறுவியவருக்கு வரி, மில்லர் என்னும் சிறு கலப்பானில் சுற்றியவருக்கு விலக்கு என்பதே நடைமுறையில் அதன் விளைவு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்தப் பிரச்சினையின் வடிவம் மாறியது. ஆனாலும் விலைக்கு வாங்கும் கலவையின் முழு மதிப்புக்கும் 18 சதவீதம், ஜல்லியும் மணலும் தனியாக வாங்கினால் 5 சதவீதம் என்ற வேறுபாடு, உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாத வீடு கட்டுபவரைத் தொடர்ந்து பாதிக்கிறது. தரத்தை உயர்த்தும் வழியே வரியால் விலை கூடிப்போவது நல்ல கொள்கையாக எனக்குத் தெரியவில்லை.

கொள்ளளவு என்னும் மயக்கம்

ஒப்பந்தப்புள்ளிகளில் அதிகம் தென்படும் அளவுகோல் மணிக்கு இத்தனை கனமீட்டர் என்பதே. விற்பவர் சொல்லும் எண்ணும் அதுதான். அரை கனமீட்டர் கலக்கும் இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று முடித்தால் மணிக்கு 30. கணக்கு சரி. ஆனால் ஒரு சுற்றுக்கு 90 நொடி ஆனால் அது 20. ஒரு லாரி நிறைந்து அடுத்தது வந்து நிற்கும் இடைவெளி, தொட்டியில் ஜல்லி தீர்ந்து லோடர் வரும் வரை காத்திருப்பு, மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏற்கும் நேரம் எல்லாம் இதில் கழியும். அனுபவமுள்ள பொறியாளர்கள் அட்டையில் எழுதிய கொள்ளளவில் முக்கால் பங்கைக்கூட நம்பித் திட்டமிடுவதில்லை.

இதைவிடப் பெரிய பிழை சராசரியில் இருக்கிறது. 20 மாதத்தில் 24,000 கனமீட்டர் வேண்டிய ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை என்றால் நாளுக்கு 48 கனமீட்டர்தான். மணிக்கு 30 கனமீட்டர் ஆலை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும். இனி அதே கட்டடத்தின் அடித்தளத்தைப் பாருங்கள். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், மொத்தம் 1,200 கனமீட்டர். பழைய கலவை இறுகுவதற்குள் புதியது அதன்மேல் விழ வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஒட்டாத இணைப்பு உருவாகி, பின்னாளில் நீர்க்கசிவுக்கு வழி விடும். பரப்பு முழுவதும் 40 செ.மீ. அடுக்காகப் போட்டால் ஓர் அடுக்குக்கு 240 கனமீட்டர். மூன்று மணி நேரத்துக்குள் மூட வேண்டுமென்றால் மணிக்கு 80 கனமீட்டர் வேண்டும்.

இங்கே பலரும் பெரிய ஆலைக்குப் போய்விடுகிறார்கள். அதற்குமுன் போடும் முறையை மாற்றிப் பார்க்கலாம். ஒரு முனையில் தொடங்கி முழு ஆழத்தையும் சரிவாகவோ படிப்படியாகவோ நிரப்பிக்கொண்டே முன்னேறினால், எந்த நேரத்திலும் திறந்திருக்கும் முகம் 20 மீட்டர் அகலமும் சுமார் 10 மீட்டர் சரிவும் மட்டுமே. அதன்மேல் 40 செ.மீ. என்றால் 80 கனமீட்டர், மூன்று மணி நேரத்தில் மணிக்கு 27 போதும். அதே அடித்தளத்துக்குத் தேவை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பதிலாக வேலை 15 மணி நேரத்திலிருந்து 44 மணி நேரத்துக்கு நீளும், ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்த வேண்டும், அட்டையில் 30 என்று எழுதிய ஆலை 27-ஐத் தராது என்பதையும் முன்பே பார்த்தோம். ஆயினும் ஆலையின் அளவைத் தீர்மானிப்பது கட்டடத்தின் மொத்தக் கனஅளவோ சராசரியோ அல்ல, மிகக் கடினமான ஒரே ஒரு நாளும் அந்நாளில் கையாளப்போகும் முறையும்தான் என்பது இதில் தெளிவாகிறது. அந்த ஒரு நாளுக்காகப் பெரிய ஆலை வாங்குவதைவிட, அன்று மட்டும் வெளி ஆலையிலிருந்து வாங்கிச் சேர்ப்பது பல திட்டங்களில் மலிவாக முடிகிறது. இரண்டு ஆலையும் ஒரே சிமெண்ட், ஒரே விகிதம், ஒரே ரசாயனம் பயன்படுத்துவதை உறுதி செய்வது அதற்கான நிபந்தனை.

இயந்திரத்தைவிட முன்னதாக மூச்சுத் திணறுவது சேமிப்பு. கனமீட்டருக்கு 370 கிலோ சிமெண்ட் என்றால் அந்த அடித்தளம் விழுங்குவது 444 டன். 100 டன் சைலோ 270 கனமீட்டருக்குள் காலியாகிவிடும். மணலும் ஜல்லியும் சேர்ந்து 2,200 டன் அளவுக்கு வேண்டும். தண்ணீர் 2 லட்சம் லிட்டர். ஆலையின் கொள்ளளவை இரட்டிப்பாக்கிவிட்டு சைலோவையும் தொட்டியையும் அப்படியே விடும் திட்டங்கள் எதிர்பார்த்த பயனைத் தருவதில்லை.

கலப்பான் வகை பற்றிய வாதம்

சாயும் உருளை, திருப்பிச் சுழலும் உருளை, தட்டு வகை, கோள்சுழற்சி வகை, இரட்டைத் தண்டு வகை என்று கலப்பான்கள் பலவகை. இவற்றோடு, பொருட்களை எடைபோட்டு லாரியில் ஏற்றி லாரிக்குள்ளேயே கலக்கும் உலர் முறை உண்டு. அமெரிக்காவில் அது பெருவழக்கு. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஆலையிலேயே கலந்து அனுப்புவதுதான் மிகுதி. உருளைவிட்ட கான்கிரீட் அணைகள் போன்ற பெருவேகப் பணிகளில் நிற்காமல் கலந்து தள்ளும் தொடர் கலப்பான்களும் இடம்பெறுகின்றன.

இரட்டைத் தண்டு வேகமானது. கெட்டியான கலவையையும் பெரிய ஜல்லியையும் தாங்கும். ஆனால் கத்திகளும் உள்தகடுகளும் தேயும், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். கோள்சுழற்சி வகையை முன்வார்ப்புத் தொழிற்சாலைகள் விரும்புகின்றன. திருப்பிச் சுழலும் உருளை எளியது, பழுது குறைவு, மெதுவானது. ஐ.எஸ். 456 பொதுவாகக் குறைந்தது 2 நிமிடக் கலப்பைக் கேட்டாலும், திறன் மிக்க கலப்பான்களுக்குத் தயாரிப்பாளர் பரிந்துரையை ஏற்கிறது. அரை நிமிடத்தில் கலந்து முடிப்பதாகச் சொல்லும் ஆலைகள் இந்த விலக்கின்மேல்தான் நிற்கின்றன. அந்த அரை நிமிடம் போதுமா என்பதைத் தளத்தில் கலவையின் முன்பகுதியிலும் பின்பகுதியிலும் மாதிரி எடுத்துச் சோதித்தே அறிய முடியும். அட்டை போதாது.

வகைகளில் எது சிறந்தது என்பதற்கு ஆய்வுகள் தரும் பதில் அடக்கமானது. அமெரிக்கத் தர நிறுவனத்தைச் சேர்ந்த கியாரா ஃபெராரிஸ் 2001-ல் எழுதிய மதிப்பாய்வு, கலப்பானின் திறனை அளக்க எல்லோரும் ஏற்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பதை எடுத்துக்காட்டியது. பொருளை ஊற்றும் வரிசை, கலக்கும் நேரம், நிரப்பும் அளவு ஆகிய எல்லாம் விளைவை மாற்றுகின்றன. சாதாரண எம்25, எம்30 கலவைக்குக் கலப்பான் வகையை வைத்து நடக்கும் நீண்ட வாதம் அதன் தகுதிக்கு மேல் இடம் பிடித்திருக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. தானாகப் பரவி நிறையும் கலவைக்கும் மிக உயர்வலிமைக் கலவைக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அங்கே வகை உண்மையிலேயே கணக்கில் வரும்.

எடை, ஈரம், சிதறல்

ஐ.எஸ். 456 சிமெண்டை 2 சதவீதப் பிழைக்குள்ளும், ஜல்லி, தண்ணீர், ரசாயனத்தை 3 சதவீதப் பிழைக்குள்ளும் அளக்கச் சொல்கிறது. அளவீடு சரிபார்க்கப்பட்ட நல்ல ஆலைக்கு இது கடினமில்லை. சிக்கல், எடைமேடைக்கு வராத தண்ணீரில் இருக்கிறது. அது மணலுக்குள் ஒளிந்து வருகிறது.

கனமீட்டருக்கு 370 கிலோ சிமெண்ட், 166 லிட்டர் தண்ணீர், 750 கிலோ எம்-சாண்ட் உள்ள கலவையில் நீர்-சிமெண்ட் விகிதம் 0.45. இரவு பெய்த மழையில் மணலின் ஈரம் 3 சதவீதம் கூடிவிட்டது, ஆலைக் கணினிக்கு அதை யாரும் சொல்லவில்லை. 22 லிட்டர் தண்ணீர் கணக்கில் இல்லாமல் உள்ளே போகிறது. விகிதம் 0.51 ஆகிறது. கடலோரச் சூழலை ஐ.எஸ். 456 கடுமையானதாக வகைப்படுத்தி, அங்கே 0.45-ஐ மேல் எல்லையாக வைக்கிறது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடலுக்குப் பக்கத்தில் எழும் கட்டடத்தில் இந்த ஒரு நாள் மறதி, கம்பி துருப்பிடிக்கும் ஆண்டை முன்னால் இழுத்துவிடும். எந்த வகைக் கலப்பானும் இதைத் திருத்தாது. மணல் குவியலுக்கு மேல் ஒரு கூரை, தொட்டியில் ஈரம் அறியும் கருவி, காலையில் ஒரு சட்டி மணலை வறுத்து எடைபார்க்கும் ஆள் ஆகியவை திருத்தும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பண மதிப்பும் உண்டு. கலவையை வடிவமைக்கும்போது குறித்த வலிமையோடு, சோதனை முடிவுகளின் திட்ட விலக்கத்தை 1.65-ஆல் பெருக்கிக் கூட்டுவது விதி. எம்30-க்கு எடுகோள் மதிப்பு 5. அப்போது இலக்கு சதுர மி.மீ.க்கு 38.25 நியூட்டன். கட்டுப்பாடு தளர்ந்து விலக்கம் 6 ஆனால் 39.9. நல்ல ஆலை அதை 4-க்கு இறக்கினால் 36.6. ஐ.எஸ். 10262-இன் 2019 திருத்தம் எம்30-க்கு 6.5 இடைவெளியைக் குறைந்தபட்சமாக வைத்திருப்பதால் அதற்குக் கீழே இறங்கிப் பயனில்லை. தளர்ந்த ஆலைக்கும் நல்ல ஆலைக்கும் இடையில் 3.3 நியூட்டன். அதைச் சிமெண்டாக மாற்றினால், பொருட்களைப் பொறுத்து, கனமீட்டருக்கு 15 முதல் 25 கிலோ என்று தோராயமாகக் கொள்ளலாம். 20 கிலோ என்றால், 24,000 கனமீட்டர் திட்டத்தில் 480 டன், அதாவது 9,600 மூட்டை. குறைந்தபட்சச் சிமெண்ட் அளவு விதியே கட்டுப்படுத்தும் இடங்களில் இந்தச் சேமிப்பு முழுவதும் கிடைக்காது. மற்ற இடங்களில் இது உலகைச் சூடாக்கும் கரியமில வாயுவிலும் குறைப்பு என்பதால், வெறும் லாபக் கணக்காக மட்டும் இதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

சிறிய வேலைகள்

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி பெரிய திட்டங்களுக்கானது. தமிழ்நாட்டில் வீடு கட்டுபவர் எதிர்கொள்ளும் தேர்வு வேறு. 1,000 சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம், உத்தரங்களையும் சேர்த்தால் 14 முதல் 16 கனமீட்டர். ஒரு மூட்டை மில்லரில் அது ஒரு நாள் வேலை. தயார்நிலைக் கலவையும் பம்பும் என்றால் ஓரிரு மணி நேரம், மூன்று லாரி. தெரு அகலமும் மின்கம்பியும் பல நேரம் முடிவைத் தாமே எடுத்துவிடுகின்றன. மில்லரின் குறை சுழற்சியில் இல்லை, சட்டி அளவில் இருக்கிறது. ஈரமணல் உப்பி 20, 30 சதவீதம் கூடுதல் இடம் பிடிக்கும்போது, சட்டிக் கணக்கில் மணல் குறைந்து தண்ணீர் கூடிவிடும்.

தானே ஜல்லியை அள்ளி எடைபோட்டுக் கலக்கும் வண்டிகள் இடைவழியாக வந்துள்ளன. சாலை, கால்வாய், தடுப்பணை போன்ற சிதறிய வேலைகளுக்கு அவை பொருந்துகின்றன. மேடுபள்ளத்தில் நின்று எடைபோடும்போது துல்லியம் எவ்வளவு நிற்கிறது என்பதை ஒவ்வொரு தளத்திலும் சோதிப்பது நல்லது. வெளியில் வாங்குபவருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு: 6 கனமீட்டர் கலவை சுமார் 14.4 டன் எடை இருக்க வேண்டும். எடைமேடைச் சீட்டு அளவுத் தகராறைத் தீர்த்துவைக்கும்.

சுற்றுப்புறம்

தூசி, சத்தம், கழுவிய சுண்ணநீர், திரும்பி வரும் கலவை ஆகிய நான்கும் ஆலைக்குப் பக்கத்தில் வாழ்பவர்களின் பிரச்சினை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் ஆலை இயங்கக் கூடாது. விலை ஒப்பீடுகளில் இந்தச் செலவு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. எழுதினால், குடியிருப்பு நடுவே தளத்து ஆலை மலிவு என்ற முடிவு சில இடங்களில் தலைகீழாகலாம்.

இன்னும் தீராதவை

சொந்த ஆலை எந்தக் கனஅளவுக்கு மேல் லாபம் என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. நிறுவி அகற்றும் நிலைச் செலவை, கனமீட்டருக்கு மிச்சமாகும் தொகையால் வகுத்தால் வருவதே அந்த எண். எடுத்துக்காட்டாக, நிலைச் செலவு 60 லட்சம், மிச்சம் 600 ரூபாய் என்றால் 10,000 கனமீட்டர். மிச்சம் 400 ஆகச் சரிந்தால் 15,000. சிமெண்ட் வரி 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது போன்ற ஒரு மாற்றமே பழைய கணக்கை மறுபடி போட வைக்கும்.

இதைவிட அடிப்படையான கேள்வி, தளத்து ஆலையா வெளி ஆலையா, எதில் முடிவுகளின் சிதறல் குறைவு என்பது. இந்தியத் தர மன்றத்தின் ஆலைச் சான்றிதழ் திட்டம் வெளி ஆலைகளின் நடைமுறையைப் பரிசோதிக்க ஒரு வழி தந்திருக்கிறது. ஆனால் சான்றிதழ் நடைமுறைக்குத் தரப்படுவது, ஒவ்வொரு நாளின் கலவைக்கும் அல்ல. விடை தரக்கூடிய தரவு ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தானியங்கி ஆலையும் ஒவ்வொரு சுற்றின் எடையையும் பதிகிறது. ஒவ்வொரு பொதுத் திட்டமும் 28 நாள் கனசதுரச் சோதனை முடிவுகளைக் கோப்பில் வைக்கிறது. பொதுப்பணித்துறையும் நெடுஞ்சாலைத்துறையும் மெட்ரோ நிறுவனங்களும், முடிந்த திட்டங்களின் இந்த இரண்டு பதிவுகளையும் ஆலை வகை, தூரம், பருவம் ஆகிய விவரங்களோடு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். மக்கள் பணத்தில் கட்டிய பாலங்களின் பதிவுகள் அவை.